கிலோவும் லிட்டரும்: ஒரு கேஸ் கார் நோட்டீஸை முன்வைத்து

போன மாசம் வரிச்சிக்குடியிலிருந்து தம்பி ஒரு நோட்டீஸைப் படம் பிடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பினான். "அண்ணே, அதே வண்டி பெட்ரோல்ல 18 தருது, சிஎன்ஜில 25. யோசிக்கவே வேணாம்ல?" கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. பாதி யூட்யூப் விமர்சனங்களும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. எனக்கு அந்தக் கணக்கோடுதான் சண்டை.

18 என்பது லிட்டருக்கு. 25 என்பது கிலோவுக்கு. நோட்டீஸில் இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் சுமார் 32 மெகாஜூல்; ஒரு கிலோ சிஎன்ஜியில் 47, 48. அதாவது ஒரு கிலோ கேஸ் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். 18 தருகிற வண்டி கேஸில் 26, 27 தந்தால்தான் சரிக்குச் சரி. 25 என்றால் ஒரு படி கீழேதான். எஞ்சின் எதையும் கூடுதலாகச் சாதிக்கவில்லை. மிச்சம் முழுக்க விலை வித்தியாசத்திலிருந்து வருது, விலையோ ஊருக்கு ஊர் மாறும்.

காரைக்காலில் அது ரொம்பவே மாறும். புதுச்சேரியில் பெட்ரோலுக்கு வாட் வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு. பக்கத்து ஊர் வண்டிகள் எல்லை தாண்டி வந்து டேங்க் நிரப்பிட்டுப் போறதை நாம சின்ன வயசுலேர்ந்து பாக்குறோம். நோட்டீஸ் போட்டவருக்கு அது தெரியாது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: சிஎன்ஜி கிலோ 92 ரூபாய், பெட்ரோல் அந்தப் பக்கம் 101, இந்தப் பக்கம் 95, கேஸ் வண்டிக்குக் கூடுதல் விலை 95,000. தமிழ்நாட்டு விலையில் கிலோமீட்டருக்கு 1.93 ரூபாய் மிச்சம். போட்ட பணம் 49,000 கிலோமீட்டரில் திரும்பிவிடும். நம்ம ஊர் விலையில் மிச்சம் 1.60தான்; 59,000 தாண்டணும். தம்பி மாசம் 700 கிலோமீட்டர் ஓட்டுவான். ஏழு வருஷம்! தினம் கும்பகோணம் போய் வருகிற வாடகை வண்டிக்காரருக்கு இதே கணக்கு ரெண்டு வருஷத்துக்குள் முடிந்துவிடும். அவர் வாங்கலாம், தாராளமாக.

அந்த ஏழு வருஷமும் விலை இடைவெளி இப்படியே நிற்குமா என்பது வேறு கேள்வி. "நம்ம மண்ணுலேர்ந்து எடுக்குற கேஸ்தானே, நமக்கு மலிவாத்தானே கிடைக்கும்" என்று டீக்கடையில் சொல்வார்கள். நரிமணம் பக்கத்தில்தான், சரி. திருமலைராயன்பட்டினம் பக்கம் 32.5 மெகாவாட் மின்நிலையம் அந்தக் கேஸில்தான் ஓடுகிறது. ஆனால் பம்பு விலைக்கு அருகாமை ஒரு பொருட்டே இல்லை. பழைய வயல்களின் கேஸுக்கு 2023 ஏப்ரலிலிருந்து கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம் என்று நாடு முழுக்க ஒரே சூத்திரம், அதற்கு ஓர் உச்சவரம்பு. 2024 அக்டோபர், நவம்பரில் சிஎன்ஜிக்கான அந்த மலிவு ஒதுக்கீட்டை வெட்டினார்கள். நாட்டின் தேவையில் பாதியளவு இறக்குமதி.

எல்பிஜியை நோட்டீஸ் ஒரே வரியில் தள்ளிவிடுகிறது, "பழைய தொழில்நுட்பம்" என்று. இது அநியாயம். சிஎன்ஜியை 200 பார் அழுத்தத்தில் அடைக்கணும். எல்பிஜி 10 பாருக்கும் கீழே திரவமாக நிற்கும். அதனால் டேங்கை வட்டமாகச் செய்து ஸ்டெப்னி இடத்தில் வைத்துவிடலாம், டிக்கி காலியாக இருக்கும். துருக்கியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு கார் எல்பிஜி. இங்கே 2000-லேயே சட்டத்தைத் திருத்தி வழி விட்டார்கள். ஆனால் பம்புகள் பெருகவில்லை, வீட்டு சிலிண்டரைத் திருட்டுத்தனமாக ஆம்னியில் மாட்டியவர்கள் பெயரையும் கெடுத்தார்கள். லிட்டருக்கு 25 மெகாஜூல்தான் என்பதால் விலை பெட்ரோலில் முக்கால் பங்குக்கும் கீழே இருந்தால்தான் லாபம் கண்ணில் தெரியும். இன்றைக்கு ஆலையிலிருந்தே எல்பிஜியோடு வருகிற கார் கிடையாது. ஆக, தம்பிக்கு அது தேர்வே இல்லை. தொழில்நுட்பம் பழசு என்பதற்காக அல்ல.

நோட்டீஸில் இல்லாதது இன்னொன்று: சிஎன்ஜி சிலிண்டரை 3 வருஷத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்குக் கொண்டுபோகணும். கடற்கரை உப்புக்காத்தில் சைக்கிள் செயினே என்ன ஆகுதுன்னு நமக்குத் தெரியும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் சிலிண்டர் மேல் பொறித்த சோதனைத் தேதியை முதலில் பாருங்கள்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். ரெண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் ஒரு படம்: அம்மாவின் சக்கர நாற்காலியை மடிச்சுத் தரையில் சாய்த்து, பக்கத்தில் அளவு டேப். கீழே, "ஷோரூம்ல டிக்கியைத் திறந்து அளந்தேண்ணே. சிலிண்டர் இருந்தா இது போகல."