ஆசிரியர் சுப்புரத்தினமும் சமத்துவக் கல்வியும்

பாரதிதாசனாரைப் புரட்சிக் கவிஞர் என்று போற்றுவோர் பலர். பள்ளியாசிரியர் சுப்புரத்தினம் என்று நினைப்போர் சிலரே. 1909இல் காரைக்காலைச் சார்ந்த நிரவியில் பணியேற்ற அவர், 1946 வரை 37 ஆண்டுகள் பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழ் கற்பித்தார். ‘தாழ்த்தப்பட்டார் சமத்துவப் பாட்டு’ 1930இல் வெளிவந்தபோதும், ‘குடும்ப விளக்கின்’ முதற்பகுதி 1942இல் வெளிவந்தபோதும் அவர் அரசுப் பள்ளி ஆசிரியரே. இதனை வெறும் வாழ்க்கைக் குறிப்பாகக் கொள்ளாது, அவர்தம் பாடல்களை ஆராய்தற்குரிய சான்றாகக் கொள்ளல் வேண்டும் என்பதே எம் கருத்து.

அவர் சொல்லாட்சியின் எளிமையும், முன்னிலைப்படுத்தி அழைக்கும் போக்கும் மேடைக்கு உரியன என்பர். அவை வகுப்பறைக்கும் உரியனவே. ‘இருண்ட வீடு’ (1944) கல்லாமையின் கேட்டை அறவுரையாகக் கூறாது, ஒரு வீட்டின் அன்றாட நிகழ்ச்சிகளால் நகைபடக் காட்டுகின்றது. அறிந்த பொருளினின்று அறியாத கருத்திற்கு அழைத்துச் செல்லும் இம்முறை, நாள்தோறும் சிறுவர்முன் நின்றவர்க்கு இயல்பாக வாய்ப்பது.

இத்தகைய ஆசிரியர் எவ்வாறு உருவானார்? கல்வே கல்லூரியிற் பெற்ற இலக்கண இலக்கியப் பயிற்சி ஒன்று. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியாரின் தோழமை மற்றொன்று. பின்னர்ப் பெரியாரின் தன்மதிப்பு இயக்கம் வந்து சேர்ந்தது. புலமையைக் கல்விக்கூடம் தந்தது. சமத்துவ நோக்கத்தையோ கல்விக்கூடத்திற்கு வெளியேதான் அவர் பெற்றார். இவ்வேறுபாடு இன்றும் நீங்கிற்றில்லை.

அண்மையில் இந்நகரத்து அரசுப் பள்ளியொன்றில், பயிற்சி ஆசிரியை ஒருத்தி ‘குடும்ப விளக்கு’ நடத்தக் கேட்டேன். வைகறையில் எழுந்து கோலமிட்டு, வீட்டுவேலை முடித்து, பிள்ளைகளைப் பேணி, கணவன் மணவழகரின் கடையையும் பார்த்துக்கொள்ளும் தங்கத்தின் சிறப்பை அவள் நன்கு விளக்கினாள். அப்போது ஒரு மாணவி எழுந்து, “அம்மா, தங்கம் எப்பொழுது ஓய்வெடுப்பாள்?” என்றாள். ஆசிரியை சற்றுத் திகைத்து, “அது தேர்வில் வாராது, உட்கார்” என்றாள்.

அம்மாணவி கேட்டது நல்ல திறனாய்வு வினா. கற்ற பெண்ணை உயர்த்திய கவிஞர், வீட்டுவேலையின் சுமையை அவளிடமே விட்டுவைத்தார். ஆயினும் அதே தங்கம், இரவில் கணவனோடு உரையாடுங்கால், தம் குடும்பத்துக்கு அப்பால் பொதுநலத்துக்கு அன்று என்ன செய்தோம் எனவும் எண்ணுகின்றாள். வீட்டுக்கும் நாட்டுக்கும் பொறுப்பேற்பவளுக்கு உதவுவார் யார் என அவ்விடத்தில் வகுப்பை வினவியிருக்கலாம். கவிஞரைக் குறைகூற அஞ்சியன்று, அவள் அவ்வினாவை விலக்கியது. பாடத்திட்டம் தவறிவிடும் என்றே அஞ்சினாள். பின்னர்க் கேட்டபோது, “எனக்கும் அந்த ஐயம் உண்டு, ஐயா, ஆனால் மதிப்பெண் போய்விடுமே” என்றாள்.

அவள் கூற்றில் பிழை காணேன். அன்று என் கையிலிருந்த மதிப்பீட்டுப் படிவத்தில் குரலுக்கும், கரும்பலகை எழுத்துக்கும், நேரம் பேணுதற்கும் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. மாணவர் வினாவை ஏற்று வளர்த்தலுக்குக் கட்டம் இல்லை. நேரத்திற்கு முழு மதிப்பெண் இட்டு, யானும் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.