தந்தையின் ஒலிபெருக்கியும் மகனின் இசையும்

கலை பயிலும் மகனுக்கும் அவன் தந்தைக்கும் இடையே எழும் பூசலைப் படைத்துக் காட்டுவோர் பெரும்பாலும் ஒரே தடத்தில் நடந்து பழகிவிட்டனர். தந்தை தடுப்பார், மகன் மீறுவான், முடிவில் தந்தையின் நெஞ்சு இளகும். 1927இல் வெளிவந்த ‘ஜாஸ் சிங்கர்’ என்னும் அமெரிக்கப் படத்தில், யூதர் வழிபாட்டு மன்றத்தில் ஓதும் தந்தை, மேடைப் பாட்டை நாடிய மகனை ஏற்க மறுக்கிறார். 2000இல் வந்த ‘பில்லி எலியட்’ என்னும் ஆங்கிலப் படத்தில், வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருக்கும் சுரங்கத் தொழிலாளி ஒருவர் தம் மகன் பாலே நடனம் ஆடுவதை இழுக்கெனக் கருதிச் சீறுகிறார். பின்னர் அம்மகனுக்குப் பணம் தேட வேண்டி, வேலைநிறுத்தத்தையே மீறிச் சுரங்கத்துக்குள் செல்லவும் துணிகிறார். இவை குறைவான படைப்புகள் அல்ல. ஆயினும் இவற்றில் தந்தை என்பவர் மகன் கடக்க வேண்டிய மதிலாகவே முதலில் அமைகிறார்.

இத்தடத்தினின்று விலகி நிற்பது ‘ஃபேம்’. புகழ் என்பது இப்பெயரின் பொருள். கிறிஸ்டபர் கோர் எழுத, ஆலன் பார்க்கர் இயக்க, 1980இல் வெளிவந்த படம் இது. நியூயார்க் நகரின் 46ஆவது தெருவில் இயங்கிவந்த நிகழ்கலைப் பள்ளியே இதன் களம். அப்பள்ளி 1984இல் இசை, ஓவியப் பள்ளியோடு ஒரே கட்டடத்தில் இணைந்து, இன்று லகுவார்டியா உயர்நிலைப் பள்ளியாக விளங்குகிறது.

இப்படத்தில் புரூனோ மார்ட்டெல்லி என்னும் மாணவனின் தந்தை ஏஞ்சலோ ஒரு டாக்சி ஓட்டுநர். அவர் மகனைத் தடுப்பவர் அல்லர். மகனிடம் அவருக்கு இருப்பது வெறுப்பன்று. அளவு கடந்த பெருமிதம். மின்னிசைக் கருவிகளுக்காகப் பணத்தை வாரி இறைத்தவர் அவர். மகன் இசையமைப்பதை உலகம் கேட்க வேண்டும் என்பதே அவருடைய ஓயாத பேச்சு. மகனோ தன் இசையை எவருக்கும் கேட்பிக்க விரும்பாதவன். கருவிகளுக்கு நடுவே தனித்து அடைந்து கிடப்பவன். பூசல் இங்கே பிறக்கிறது. கலை வேண்டுமா, வேண்டாமா என்பது பற்றியதன்று இப்பூசல். உருவாகிவரும் ஒன்றை அவையில் வைக்கும் நாளைக் குறிப்பவர் யார் என்பதே வழக்கு. இத்தகைய நுண்மையான வழக்கைத் திரைப்படம் எடுத்துக்கொள்வது அரிது.

இதனோடு ஆசிரியரின் நிலையையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். ஷொரோஃப்ஸ்கி என்னும் இசையாசிரியராக நடித்தவர் ஆல்பர்ட் ஹேக். உண்மை வாழ்விலும் பெயர் பெற்ற இசையமைப்பாளர். ஒருவனே கருவிகளின் துணைகொண்டு ஓர் இசைக்குழு முழுவதையும் எழுப்பிவிடலாம் என்கிறான் புரூனோ. பிறரோடு கூடி இசைக்காதவன் எவ்வாறு இசைஞன் ஆவான் என்று மடக்குகிறார் ஆசிரியர். தந்தையும் ஆசிரியரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே பக்கம் நிற்கின்றனர்: வெளியே வா என்பதே இருவர் குரலும். ஆனால் ஆசிரியர் வாதிடுகிறார், தந்தை காத்திருக்கவில்லை.

பலரும் நினைவில் வைத்திருக்கும் தெருக் காட்சி இவ்விடத்தில் வருகிறது. ஏஞ்சலோ மகனுடைய ஒலிநாடாவை எடுத்துவந்து, டாக்சியின் மேல் ஒலிபெருக்கிகளை ஏற்றி, பள்ளி வாயிலில் முழங்கச் செய்கிறார். மாணவர்கள் வெள்ளமெனத் தெருவில் பாய்ந்து, கார்களின் மீதேறி ஆடுகின்றனர். போக்குவரத்து நிலைகுத்தி நிற்கிறது. மகன் முகத்தில் நாணமும் சினமும். மகனை அவையில் முதல்வனாக்குவதே தந்தையின் கடன் என்று வள்ளுவத்தில் பயின்றவர்களுக்கு, ஏஞ்சலோ தம் கடனைச் சற்று உரத்த குரலில் ஆற்றுபவராகத் தோன்றக்கூடும். ஆனால் அவைக்கு வர மகன் இசைந்தானா? இசையாதவனை அவையில் நிறுத்துவது, அவன் நாட்குறிப்பைத் தெருவில் உரக்கப் படிப்பதை ஒக்கும். தூய அன்பினால் செய்யப்பட்டதாயினும் அது அத்துமீறலே.

இயக்குநரின் குறையும் இவ்விடத்திலேயே வெளிப்படுகிறது. கூட்டம் ஆடுகிறது, ஆகவே தந்தை செய்தது சரி என்று காமிரா தீர்ப்பு வழங்கிவிடுகிறது. மகனின் முறையீடு ஆட்டத்தின் ஆரவாரத்தில் அமிழ்ந்துபோகிறது. இக்காட்சியைப் படமெடுத்தபோது படத்தின் பெயர் தாங்கிய பாட்டு எழுதப்படவே இல்லை. டோனா சம்மர் பாடிய வேறொரு பாட்டை ஒலிக்கவிட்டு ஆடவைத்தனர். மைக்கேல் கோரின் இசையும் டீன் பிட்ச்ஃபோர்டின் சொற்களும் பின்னரே சேர்ந்தன. அப்பாட்டு ஆஸ்கர் பரிசும் பெற்றது. திரைத்தொழிலில் இது புதுமையன்றுதான். ஆயினும் ஒருவன் மறைத்து வைத்திருந்த இசை வெளிப்படும் கணத்தில், அந்த இசையே இல்லாமல் காட்சி எடுக்க முடிந்தது என்றால், படைப்பாளர்கள் எதன்மேல் கண் வைத்திருந்தனர் என்பது விளங்கும். புரூனோ அஞ்சியதும் இதுவே அன்றோ? கேட்பவர்கள் தாளத்தை எடுத்துக்கொண்டு தன்னை விட்டுவிடுவார்கள் என்பதே அவன் அச்சம்.

தேர்வு தொடங்கி நான்காம் ஆண்டு வரை ஐந்து பகுதிகளாகப் படம் ஓடுகிறது. மாணவர் பலர், நேரமோ இரண்டேகால் மணிக்குச் சற்றுக் குறைவு. அதனால் எந்த இழையும் முடிச்சுவரை செல்வதில்லை. ராவுல் கார்சியா என்னும் இளைஞன் ரால்ப் கார்சி என்று தன்னை அழைத்துக்கொள்கிறான். தந்தைவழி வந்த பெயரின் ஈற்றெழுத்தை வெட்டி எறிந்த இச்செயல், புரூனோவின் கதைக்கு எதிர்நிலையாக வளர்ந்திருக்கலாம். தந்தையின் பாசத்தில் மூச்சுமுட்டும் மகன் ஒருபுறம், தந்தையின் சுவடே தெரியாத மகன் மறுபுறம். இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் ஒரு காட்சி கூட இல்லாதது பெருங்குறை. மேடை நகைச்சுவையாளனாக ரால்ப் எழுவதும் வீழ்வதும் மட்டும் விரிவாகக் காட்டப்படுகின்றன.

2009இல் இப்படம் மீண்டும் எடுக்கப்பட்டபோது, ஏஞ்சலோவின் இடத்தில் வேறொரு தந்தை வந்தார்: பியானோ பயிலும் மகள் பாடகியாவதை மறுக்கும் கண்டிப்பானவர். பழைய மதில் திரும்ப எழுப்பப்பட்டது. டாக்சியும் ஒலிபெருக்கியுமாகத் தெருவில் நின்ற அந்தத் தந்தையை, அவர் தவறுகளோடு, எழுதிப் பார்க்கும் துணிவு பின்வந்தவர்களுக்கு இல்லை. 1980ஆம் ஆண்டுப் படத்தின் இறுதிக் கச்சேரியிலோ புரூனோ பிறரோடு கூடி இசைக்கிறான். ஆசிரியரின் வாதம் வென்றுவிட்டது. அந்த நாடாவை எடுத்தது பற்றித் தந்தையும் மகனும் என்ன பேசிக்கொண்டனர் என்பதைப் படம் சொல்லவில்லை.