இரண்டு ஆனைக்கரைகள்: தமிழ் எல்லையில் அரபு இலக்கியக் கல்வி

கேரளத்தில் ஆனைக்கரை என்னும் பெயருடைய ஊர்கள் இரண்டு உள. ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பட்டாம்பி வட்டத்தில், பாரதப்புழையின் தென்கரையை ஒட்டியது. அங்கிருந்து ஆற்றின் போக்கிலேயே சென்றால் பொன்னானிக் கழிமுகத்தை அடையலாம். மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கு அருகில், ஏலத் தோட்டங்களின் நடுவே உள்ளது. அதன் கிழக்கே மலை இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. பெயரொற்றுமை தற்செயலானதே. எனினும் அரபு இலக்கியம் தமிழ்–மலையாள எல்லையில் ஆற்றிய பணியை ஆராய்வோர்க்கு இவ்விரு ஊர்களும் வசதியான அளவுகோல்கள். மேற்கு ஆனைக்கரைக்குக் கீழே அரபு நூல்கள் இயற்றப்பட்ட துறைமுகம். கிழக்கு ஆனைக்கரைக்குக் கீழே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இராவுத்தர்கள் வாழும் ஊர்கள்.

இவ்விரு திசைகளிலும் பரவிய இலக்கியம் இன்று மூன்று துறைகளாகப் பிரிந்து கிடக்கிறது. அரபித் துறையார் அரபு மொழியில் உள்ளதை மட்டும் கற்பர். தமிழ்த் துறையார் தமிழெழுத்தில் உள்ளதை மட்டும் கற்பர். மலையாளத் துறையார் மாப்பிளைப் பாட்டைத் தம்முடையதாகக் கொள்வர். அரபு எழுத்தில் எழுதப்பெற்ற தமிழ் நூல் இம்மூவருள் எவருக்கும் உரியதாகாமல் நிற்கிறது. அரபு இலக்கியத்தின் சமுதாயப் பணி மிகத் தெளிவாக வெளிப்படுவது அந்நூல்களில்தான் என்பதும், அவற்றைக் கற்க நாம் கைக்கொண்டுள்ள முறை அப்பணியை மறைத்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

மஅபர் என்னும் பெயர்

அரபு நிலநூலார் தமிழ்க் கிழக்குக் கரையை மஅபர் என்றனர். பொன்னானியின் புகழ்பெற்ற மக்தூம் குடும்பத்தார் தம் பெயருடன் அல்-மஅபரி என்னும் அடையைக் கொண்டிருந்தனர். முதலாம் சைனுத்தீன் மக்தூம் (1467–1522) போர்த்துக்கீசியரை எதிர்க்கத் தூண்டும் அரபுச் செய்யுள் ஒன்றை இயற்றினார். அவர் பேரர் இரண்டாம் சைனுத்தீன் எழுதிய துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் 1583 வரையிலான மலபார் நிகழ்ச்சிகளைக் கூறுவது. வரலாற்றாசிரியர் பெரிதும் பயன்படுத்துவது. அதே ஆசிரியரின் ஃபத்ஹுல் முஈன் என்னும் சட்டநூல் கேரளப் பள்ளிவாசல்களில் மட்டுமன்றி ஜாவாவின் சமயக் கல்விக்கூடங்களிலும் பாடமாயிற்று. மலபாரில் எழுதப்பட்டு, மலையாளத்தில் அல்லாமல் அரபில் அமைந்து, ஜாவாவில் கற்பிக்கப்பட்ட இந்நூலாசிரியரின் பெயரிலே தமிழ்க் கடற்கரை அடையாக ஒட்டியிருக்கிறது.

இங்கு ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. மலபார் மாப்பிளைமாரும் காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களின் மரக்காயர்களும் ஷாஃபி சட்டநெறியினர். உள்நாட்டு இராவுத்தர்களோ ஹனஃபி நெறியினர்; பாலக்காட்டுப் பகுதியில் வாழும் தமிழ் பேசும் இராவுத்தர்களும் அத்தகையோரே. எனவே நூல் சென்ற வழியைத் தாய்மொழி மட்டும் தீர்மானிக்கவில்லை. காயலில் இயற்றப்பட்ட தமிழ்ச் சட்டநூல், தமிழே பேசும் கம்பத்து இராவுத்தருக்குப் பயன்பட்டதைவிட அதன் சட்டக் கருத்துகள் மலையாளம் பேசும் பொன்னானி மாணவருக்கு நெருக்கமானவையாக இருந்தன. மொழிவாரியாக இலக்கிய வரலாறு எழுதுவோர் இந்த முரணைக் கண்டுகொள்வதில்லை. கடலும் சட்டநெறியும் இணைத்ததை மலையும் மாநில எல்லையும் பின்னர்ப் பிரித்தன எனலாம்.

எழுத்தா, ஒலியா?

அரபுச் சொற்களைத் தமிழில் ஏற்பதற்குத் தமிழ் முஸ்லிம் ஆசிரியர்கள் இருவேறு கொள்கைகளைக் கையாண்டனர். முதலாவது தொல்காப்பியர் வடசொல்லுக்கு வகுத்த வழி: அயல் எழுத்தை நீக்கித் தமிழெழுத்தொடு பொருந்தச் செய்தல். உமறுப்புலவர் (1642–1703) இவ்வழியினர். றசூல் என்னும் சொல் காப்பியத்தில் இகரம் முன்னே பெற்று இறசூல் ஆகிறது. மெய்யீற்றுச் சொற்கள் உகரம் பெறுகின்றன.

இம்மரபின் நுட்பத்தைச் சீறாப்புராணத்தின் காண்டப் பெயர்களிலேயே காணலாம். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்பன மூன்று காண்டங்கள். பிறப்பு, நபித்துவம், இடப்பெயர்வு என்பன பொருள். அரபியில் இச்சொற்கள் பெண்பால் ஈறாகிய தகரத்தில் முடிவன. அத்தகரம் இரட்டித்து உகரம் பெறும்போது தமிழ்ச் செவிக்கு அது அத்துச் சாரியையாகவே ஒலிக்கிறது. மரத்துக்கிளை என்பதுபோல விலாதத்துக் காண்டம் இயல்பாகப் புணர்ந்து நிற்கிறது. அரபியின் பால் ஈறு தமிழின் சாரியையாக மாறுவேடம் பூண்டுவிட்டது. கடன்சொற்களைப் பட்டியலிட்டு எண்ணும் ஆய்வுகளில் இது ஒருபோதும் அகப்படாது. எண்ணுவோர் சொல்லைத் தனியே பிரித்தெடுத்து எண்ணுகின்றனர், புணர்ச்சியில் வைத்துக் கேட்பதில்லை.

நூற்பெயரும் கவனிக்கத்தக்கது. சீறத் என்னும் அரபுச் சொல் நடத்தல், செல்லுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்து, ஒழுகலாறு, வாழ்க்கை வரலாறு எனப் பொருள் விரிந்தது. தமிழின் ஒழுகு, ஒழுக்கம் என்பவையும் ஏறத்தாழ இதே பாதையில் வந்தவை. மொழிபெயர்ப்பாளர் ஒருவர்க்குக் கையருகே கிடைத்த இணைச்சொல்லை உமறு எடுத்தாளவில்லை; சீறா என்பதை வைத்துக்கொண்டு புராணம் என்பதைச் சேர்த்தார். இத்தெரிவு அவர்க்கு முன்னரே வழக்கிலிருந்தது. 1572இல் மதுரையில் அரங்கேறியதாகக் கூறப்படும், வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலாவுக்கு அதிசய புராணம் என்னும் பெயரும் உண்டு. அரபுப் பெயர் பொருளை உரிமையாக்குகிறது; புராணம் என்னும் பெயர் அவையில் இடம் கேட்கிறது.

இரண்டாவது கொள்கை இதற்கு நேர்மாறானது. ஒலியைக் காத்து எழுத்தை மாற்றுதல். அதாவது தமிழையே அரபு எழுத்தில் எழுதுதல். இதன் தேவையை ஓர் இணையே விளக்கும். அரபியில் இதயத்தையும் நாயையும் குறிக்கும் சொற்கள் முதல் மெய்யில் மட்டும் வேறுபடுவன. ஒன்று அடிநாவில் பிறக்கும் ககரம், மற்றது நாம் ஒலிக்கும் ககரம். தமிழெழுத்தில் இரண்டுமே கல்பு. வழிபாட்டில் ஒலி பிழைத்தால் பொருள் பிழைக்கும் என்னும் அச்சம் உடைய ஆசிரியர்க்குத் தமிழெழுத்துப் போதவில்லை. ஆகவே அரபியில் இல்லாத ப, ட, ண, ள, ழ, ங முதலியவற்றுக்குப் புள்ளியிட்ட எழுத்துகளும், எகர ஒகரங்களுக்குத் தனிக் குறிகளும் அமைத்துத் தமிழை எழுதினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இம்மரபின் தலைசிறந்த ஆசிரியர். அவருடைய மகானி கடற்கரைக் குடும்பங்களில் வீட்டு நூலாக விளங்கியது.

இம்மரபு சமய அச்சத்தால் மட்டும் தழைக்கவில்லை. குர்ஆன் ஓதக் கற்ற சிறுமிக்கு அரபெழுத்து தெரியும். பள்ளிக்கூடம் செல்லாத அவள் தமிழெழுத்து அறியாள். அவள் தன் தாய்மொழியைப் படிக்கக் கிடைத்த ஒரே வாயில் அரபெழுத்தே. தமிழ்ப் பெண்களின் எழுத்தறிவு வரலாற்றை எழுதுவோர் இந்த வாசகரைக் கணக்கில் சேர்ப்பது அரிது. தமிழெழுத்தில் கையொப்பமிடத் தெரியாதவளைக் கல்லாதவள் என்று பதிவு செய்வது ஒரு குடிக்கணக்கு அலுவலருக்குப் பொருந்தலாம். இலக்கிய வரலாற்றாசிரியருக்குப் பொருந்தாது.

தனிமொழி என்னும் கூற்று

அரபுத்தமிழை அர்வி என்னும் பெயரில் தனிமொழியாகவே கூறுவோர் உளர். தைக்கா ஷுஐபு ஆலிம் 1993இல் வெளியிட்ட ஆங்கிலப் பெருநூல் அதுவரை பலரும் அறியாத எத்தனையோ நூல்களையும் ஆசிரியர்களையும் வெளிச்சத்திற்குக் கொணர்ந்தது. அவ்வுழைப்பிற்கு நாம் கடன்பட்டுள்ளோம். ஆயினும் தனிமொழிக் கூற்றை மொழியியலார் ஏற்க இயலாது. வேற்றுமை உருபும் வினைமுற்றும் எச்சமும் சொற்றொடர் வரிசையும் தமிழாக இருக்க, எழுத்தும் சொற்றொகையின் ஒரு பகுதியும் மட்டும் வேறுபட்டால் அது வேறு மொழியன்று; ஒரு மொழியின் வழக்குவகையும் எழுத்துமுறையும் ஆகும். தனிமொழி என்று உயர்த்துவதால் விளையும் தீங்கும் உண்டு. தமிழ்த் துறை இவை நம்முடையவை அல்ல என்று ஒதுக்குவதற்கு அக்கூற்றே சான்றாகிவிடுகிறது.

மறுபுறம், அரபுச் சொல் மிகுதியைத் தமிழின் மாசு எனக் கருதுவோர்க்கு ஒரு வினா. வசூல், பாக்கி, ரத்து, தாக்கல், வக்கீல் ஆகியவையும் அரபுச் சொற்களே. பாரசீகம், இந்துஸ்தானி வழியாக அலுவலகத்தில் நுழைந்தமையால் அவற்றை எவரும் முஸ்லிம் தமிழ் என்பதில்லை. அரபுவிலிருந்து நேராக வந்த துஆவும் கலிமாவும் மட்டும் அயன்மை உடையனவாகத் தோன்றுகின்றன. ஆகவே அளவுகோல் சொல்லின் பிறப்பன்று. அதைச் சொல்பவர் யார் என்பதே. தூய்மை பற்றிய நம் விவாதங்களில் இது வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை.

மாலையும் புராணமும்

கோழிக்கோட்டுக் காசி முஹம்மது கொல்லம் ஆண்டு 782இல் (1607) முஹ்யித்தீன் மாலையை இயற்றினார். அப்துல் காதிர் ஜீலானியைப் போற்றும் இப்பாடல், பஹ்ஜத்துல் அஸ்றார் முதலிய அரபு நூல்களைத் தன் மூலங்களாகத் தானே சுட்டுகிறது. அதே ஞானியைத் தமிழில் பத்ருத்தீன் புலவர் முகியித்தீன் புராணமாகப் பாடினார். ஒரே அரபு மரபு மேற்கே வீட்டில் ஓதும் மாலையாகவும் கிழக்கே அவையில் விரிக்கும் புராணமாகவும் ஆனது. மலையாள இலக்கிய வரலாற்றார் மாலையை அரபெழுத்தில் இருந்த காரணத்தால் புறக்கணித்துவிடவில்லை. நாளடைவில் தொன்மையான மலையாளப் பாடல்களுள் ஒன்றாகவே ஏற்றனர். தமிழில் சீறாப்புராணம் ஏற்கப்பட்டதும் அதன் காரணமும் வேறு. அரபு நாட்டை மருதநிலமாக வருணித்ததற்காகவே அது பெரிதும் பாராட்டப்படுகிறது. தமிழாக மாறிய அளவுக்கே அரபு இலக்கியத்திற்கு மதிப்பு என்னும் அளவுகோல் இது. இதனால் மாலை, முனாஜாத்து, மசலா போன்ற, காப்பிய அளவுகோலுக்கு உட்படாத வகைகள் சிற்றிலக்கியப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன.

கிழக்கும் மேற்கும் ஒன்றையொன்று அறிந்திருந்தன என்பதற்குப் போர்ப்பாட்டுகள் சான்று. வரிசை முகியித்தீன் புலவரின் சக்கூன் படைப்போர் தமிழில் உள்ளது. அரபுமலையாளத்தின் தொடக்ககாலப் போர்ப்பாட்டான சகூம் படப்பாட்டு தமிழ் வழியில் அமைந்தது என்பது மாப்பிளைப் பாட்டு ஆய்வாளர் பலர் கருத்து. மாப்பிளைப் பாட்டின் மெட்டைக் குறிக்கும் இசல் என்னும் சொல் தமிழ் இயலே என்பாரும் உளர், அது உறுதிப்படவில்லை. எவ்வாறாயினும், அரேபியாவைக் களமாகக் கொண்ட கதை அரபுவிலிருந்து நேராக மலபாருக்குச் செல்லாமல் தமிழைச் சுற்றிச் சென்றது என்பது மொழிபெயர்ப்பு வரலாற்றுக்கு மிகவும் வேண்டிய செய்தி. ரொனிட் ரிச்சி 2011இல் வெளியிட்ட நூல் ஆயிர மசலாவின் தமிழ், மலாய், ஜாவானிய வடிவங்களை ஒப்பிட்டு, சமஸ்கிருதம்போல அரபுவும் ஒரு பேருலகை இணைத்தது என்று நிறுவியது. 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்கும் சென்ற அந்த வினாவிடை நூலைக் கீழைக்கடல் முழுவதும் பின்தொடர்ந்த அவ்வாய்வு சிறந்தது. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளுள் மலையாளம் இல்லை. தமிழுக்கு மிக அண்மையான அரபெழுத்து மரபு அவ்வொப்பீட்டிற்கு வெளியே நிற்கிறது.

கேரள மதரசாக்களின் தொடக்கநிலைப் பாடநூல்களில் அரபுமலையாள எழுத்து இன்றும் வழக்கில் உள்ளது. தமிழ்நாட்டில் அரபுத்தமிழ் பெரும்பாலும் தமிழெழுத்துக்கு இடம் விட்டுவிட்டது. பழைய நூல்கள் தமிழெழுத்தில் மறுபதிப்பாகும்போது என்ன இழக்கப்படுகிறது என்பதைப் பதிப்பாசிரியர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. இருவகைக் ககரமும் ஒன்றாவது மட்டும் இழப்பன்று. தமிழெழுத்து ஒலிப்புடைய மெய்யையும் ஒலிப்பிலா மெய்யையும் வேறுபடுத்தாது. அரபெழுத்தில் தமிழை எழுதியவரோ ஒவ்வொரு வல்லெழுத்துக்கும் எந்தக் குறியை இடுவது என்று தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. ழகரத்தை அவர் தனிக் குறியால் எழுதினாரா, ளகரத்தோடு மயக்கினாரா என்பதும் தெரியவரும். இத்தெரிவை ஒவ்வொரு சுவடியும் எவ்வளவு சீராகச் செய்துள்ளது என்று ஆராய்ந்தால், 17ஆம், 18ஆம் நூற்றாண்டுக் கடற்கரைத் தமிழின் ஒலிப்பிற்கு வேறெங்கும் கிடைக்காத சான்று கிடைக்கும். தமிழெழுத்து மறுபதிப்பு அச்சான்றைத் துடைத்துவிடுகிறது.

எனவே பதிப்பு மூன்று வரிகளாக அமைதல் வேண்டும்: அரபெழுத்து மூலம், எழுத்துக்கு எழுத்தான பெயர்ப்பு, தமிழ் வாசிப்பு. செலவும் உழைப்பும் மிகுதியே. ஆயினும் சக்கூன் படைப்போரையும் சகூம் படப்பாட்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, இரண்டிலும் நடையாடும் அரபுச் சொற்கள் எங்கே தமிழ் உருபை ஏற்றன, எங்கே மலையாள உருபை ஏற்றன, எங்கே இரண்டையும் மறுத்து அரபு வடிவிலேயே நின்றன என்று வரிவரியாகக் குறிக்கும் ஒரு பதிப்பிலிருந்து இவ்வேலையைத் தொடங்கலாம். அதற்குத் தமிழும் மலையாளமும் அரபுவும் அறிந்த ஒருவர் வேண்டும். கிடைக்காவிடில், ஒரே மேசையில் அமர ஒப்பும் மூவர்.