புதுக் கூரை, புதுச் சிவப்பு

மாஸ்டா 1989இல் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5, இருவர் மட்டும் உட்காரும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார். அந்த முதல் தலைமுறைக் காரின் மடக்குக் கூரை வினைல் துணி. பின்ஜன்னல் ஜிப் வைத்த பிளாஸ்டிக். வெயிலில் மங்கி, மடிப்பில் விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும். புதுத் துணி முதலில் விறைத்துக்கொண்டு அடம்பிடிக்கும். வெயில் பட்டால் இளகி வழிக்கு வரும். கூரை கழன்றிருக்கும்போதே இருக்கைக்குப் பின்னாலுள்ள வடிகால் துளைகளையும் குத்தி அடைப்பெடுத்துவிட வேண்டும். அவை அடைத்துக்கொண்டால், தண்ணீர் தேங்கி, கதவுக்கடித் தகட்டைத் துரு தின்றுவிடும்.

கூரைக்கு அடுத்தது சிவப்புப் பெயின்ட். அந்த வேலையின் ருசி ஸ்பிரே அடிப்பதில் இல்லை, தேய்ப்பதில் இருக்கிறது. பட்டி பார்த்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் இழைத்து, உள்ளங்கையால் தடவ வேண்டும். கண்ணுக்குத் தப்பிய மேடுபள்ளம் கைக்குத் தப்பாது. சிவப்பின் மினுமினுப்பைப் பார்ப்பவர்கள் பெயின்ட்டைப் புகழ்வார்கள். பெயின்டருக்குத் தெரியும், அது உப்புத்தாளின் உழைப்பு.