பட்டைக் கத்தி எதற்கு, எதற்கில்லை

திருவனந்தபுரத்தில் தென்னை நிற்கும் வீட்டுக்காரர்கள் பலருக்குக் கத்தி என்றால் இன்றும் கொல்லர் பட்டறையில் அடித்ததுதான். அதிலும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. அந்த நம்பிக்கை வீணல்ல. பட்டையில் கரி ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம். பாரத்தில் வளைந்து நிமிரவென்றே உருவான எஃகு என்பதால் இளநீர் சீவினாலும் விறகு பிளந்தாலும் வாய் நொறுங்காது. மழுங்கினால் வீட்டுக் கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம்.

அதே பட்டையில் சமையலறைக் கத்தியும் அடித்து வாங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எஃகின் பெயர் பாதிதான். மீதி தோய்ச்சலில் இருக்கிறது. சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த இரும்பு கடினமாகும், சட்டென்று உடையவும் செய்யும். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். 200 டிகிரியைத் தாண்டி வைக்கோல் நிறம் ஏறியதும் நிறுத்தினால் மெல்லிய கூர் நிற்கும். 300 டிகிரியை நெருங்கி நீலம் பாய்ந்தால் அடி தாங்கும், ஆனால் கூர் சீக்கிரம் மடங்கும். வெட்டுக்கத்திக்கு நீலம் பொருந்தும். வெங்காயம் நறுக்கும் கத்திக்குப் பொருந்தாது. வாங்குகிறவரோ "பட்டைதானே?" என்று கேட்பதோடு சரி, எந்த வேலைக்கு என்று சொல்வதில்லை.

ஊரின் ஈரம் இன்னொரு சிக்கல். இரண்டு பருவமழை, கடலோரத்தில் உப்புக்காற்று. தோட்டத்துக் கத்திக்குத் தேங்காயெண்ணெய் போதும், பலாப்பாலும் ஒட்டாது. புளியும் மீனும் படும் கத்திக்கு அது போதாது. வாழைக்காயையும் வாழைப்பூவையும் நறுக்கினால் அவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து காயே கறுக்கிறது.

இதற்கு மாற்று எவர்சில்வர். அது மழுங்கிவிடும் என்ற புகார், கரி 0.3 சதவீதத்தை ஒட்டிய மலிவு ரகத்துக்குச் சரி. சுவீடனின் 12சி27 வகையில் பட்டையில் உள்ள அளவுக்கே கரி, 0.6 சதவீதம், கூடவே குரோமியம் 13.5. சமையலறைக்கும் பையில் வைக்கும் மடக்குக் கத்திக்கும் என் தேர்வு அதுதான். 1.5 சதவீதக் கரியுள்ள டி2 என்ற எஃகில் நெடுநாள் கூர் நிற்கும், ஆனால் வீட்டுக் கல்லுக்கு எளிதில் மசியாது.

12சி27-ஐப் பதப்படுத்த 1,000 டிகிரிக்கு மேல் அளந்த சூடு வேண்டும். கரியுலையில் கண்ணால் நிறம் பார்த்து அதைச் செய்வது கடினம். ஆகவே அதைத் தொழிற்சாலையில் செய்ததாக வாங்குவோம். வெட்டுக்கத்திக்குக் கொல்லரிடமே போவோம். ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்பதால், அடிக்கும் முன் பட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வோம்.