சீட்டைத் தூக்கிப் பாருங்கள்: மலைநாட்டு ஜப்பான் பைக்குகளின் முதல் நிறம்

பழைய ஜப்பான் பைக் ஒன்றைப் பார்க்கப் போனால் முதலில் டேங்கைப் பார்க்காதீர்கள். அதற்கு யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் நிறம் மாற்றியிருக்கலாம். சொந்தக்காரரிடம் கேட்டுச் சீட்டைக் கழற்றுங்கள். சீட் மூடியிருந்த டேங்கின் வால், சைட் கவரின் உட்பக்கம், ஹெட்லைட் கூட்டின் உட்புறம் ஆகிய மூன்று இடங்களிலும் வெயில் பட்டிருக்காது. டிங்கர் வேலை செய்தவரின் ஸ்ப்ரே கன்னும் பெரும்பாலும் எட்டியிருக்காது. ஜப்பானில் அடித்த முதல் நிறம் அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

இதற்குக் கண்ணைப் பழக்க நல்ல பள்ளிக்கூடம் அட்டன் டவுனில் நிற்கும் ஹொண்டா எம்.டி. 90. ஜப்பானியத் தபால்காரர்களுக்கென்றே செய்த வண்டி அது. அங்கே சிவப்பு நிறத்தில் ஓடியது. பாவித்த வண்டியாக இங்கே வந்து இறங்கிய பிறகு பலதும் கறுப்பாகவும் நீலமாகவும் மாறிவிட்டன. குனிந்து, சீட்டுக்கு அடியிலும் செயின் கவருக்குப் பின்னாலும் தேடுங்கள். தபால் சிவப்பு ஒரு விரல் அகலத்துக்காவது தெரியும். அதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்துவிட்டால், அடுத்து ட்ரெயில் பைக்குகளிடம் போகலாம்.

தேயிலை மலையில் பெரிய துரைக்குக் கார் அல்லது ஜீப், சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள் என்பது வெள்ளைக்காரர் காலத்து வழக்கம். காலையில் தொழிலாளரை வேலைக்குப் பிரித்தனுப்பும் பிரட்டு முடிந்ததும் மலை மலையாக ஏறி இறங்க வேண்டும். தோட்டத்து ரோடோ கல்லும் செம்மண்ணும் கொண்டை ஊசி வளைவுமாக இருக்கும். முதலில் பி.எஸ்.ஏ., ட்ரையம்ப் போன்ற இங்கிலாந்து வண்டிகள் அந்த வேலையைச் செய்தன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இல் இறக்குமதிக் கதவு திறந்தது. அதன் பின் ஜப்பான் வண்டிகள் பெருகின. ஹொண்டா எக்ஸ்.எல்., யமஹா டி.டி., சுசூகி டி.எஸ். ஆகிய மூன்று குடும்பங்களுக்கும் எடை குறைவு. கல்லில் இடிபடாத உயரத்தில் சைலன்சர், பள்ளத்தைத் தாண்டும் பெரிய முன்சக்கரம், சேறு அடைக்காதபடி டயரிலிருந்து தள்ளி நிற்கும் மட்கார்ட். காட்டுப்பாதைக்கென்று வரைந்த வண்டிகள் கொழுந்து மலைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தின.

இனி நிறத்துக்கு வருவோம். 1955 வரை ஜப்பானிய மோட்டார் சைக்கிள் என்றால் பெரும்பாலும் கறுப்பு. அந்த ஆண்டு யமஹா தன் முதல் வண்டியான 125 சிசி வை.ஏ. 1ஐ, கருஞ்சிவப்பும் தந்த வெள்ளையுமாக இறக்கியது. எஞ்சினும் உடலும் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125ஐப் பின்பற்றியவை, நிறத்தில் காட்டிய துணிச்சல் யமஹாவுடையது. மக்கள் அதைச் சிவப்புத் தும்பி என்று அழைத்தார்கள். ஜூலையில் ஃபூஜி மலையேற்றப் போட்டியில் தன் பிரிவில் வென்றது. நவம்பரில் அசாமா எரிமலையின் அடிவாரத்தில், தார் காணாத பாதையில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. மகஸ்தோட்டையில் 1930களிலிருந்தே மலையேற்றப் போட்டி பார்த்த நுவரெலியாவுக்கு, ஒரு வண்டியின் குணம் ஏற்றத்தில்தான் தெரியும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பானும் தன் வண்டிகளை மலையில் ஏற்றித்தான் சோதித்தது.

ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு நிறம் என்று இன்று மனப்பாடமாகச் சொல்கிறோம்: ஹொண்டா சிவப்பு, சுசூகி மஞ்சள், கவாசாகி பச்சை, யமஹா நீலம். பழைய வண்டிகளுக்கு இந்தச் சூத்திரத்தால் நேர்ந்த சேதம் கொஞ்சமல்ல. கவாசாகியின் மண்பாதைப் பெயரைத் தொடக்கியதே ஒரு சிவப்பு டேங்க். 1963இல் ஹியோகோ மாநிலத்தில் நடந்த மோட்டோகிராஸ் போட்டியில் அவர்களுடைய பி8எம் வண்டிகள் முதல் ஆறு இடங்களையும் அள்ளின. எலுமிச்சைப் பச்சை கம்பனியின் அடையாளமானது 1969இல் அமெரிக்காவின் டேட்டோனா பந்தயத்தோடுதான். பச்சை ராசியில்லாத நிறம் என்று அமெரிக்கப் பந்தயக்காரர்கள் ஒதுக்கிவைத்திருந்த காலத்தில், அதையே வேண்டுமென்று எடுத்துப் பூசினார்கள். நான்கு கம்பனிகளின் நிறக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஹொண்டாவும் அப்படித்தான். 1973இல் வந்த அதன் முதல் பெரிய மோட்டோகிராஸ் வண்டி, சி.ஆர். 250எம் எல்சினோர், அலுமினியத்தின் வெள்ளி நிற டேங்கில் பச்சைப் பட்டை போட்டு நின்றது. கம்பனியின் மோட்டோகிராஸ் வண்டிகள் தலை முதல் கால் வரை சிவந்தது 1970களின் கடைசியில். அதே காலத்து எக்ஸ்.எல். எஸ் வரிசைக்கும் டஹிட்டியன் ரெட் என்ற சிவப்பு வந்தது. எக்ஸ்.எல். 250 எஸ் ஒன்றைப் பார்த்தால் முன்சக்கரத்தையும் அளந்து பாருங்கள். அதற்கு 23 அங்குலச் சக்கரம். 21 அங்குலம் பூட்டியிருந்தால் நிறத்தோடு சக்கரமும் கை மாறியிருக்கிறது.

யமஹாவின் 1968ஆம் ஆண்டு டி.டி. 1தான் ட்ரெயில் பைக் என்ற வகையையே உலகச் சந்தையில் நிலைநிறுத்தியது. அதன் டேங்க் முத்து வெள்ளை. பிறகு அமெரிக்கப் பந்தயத்துக்கு மஞ்சளும் கறுப்பும், ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் வெள்ளையும் சிவப்பும் என்று இரண்டு முகம் காட்டியது. வை.இசட். பந்தய வண்டிகள் முழு நீலத்துக்குப் போனது 1990களின் நடுவில். ஆகவே 1970களின் டி.டி. ஒன்று இன்றைய பந்தய நீலத்தில் மட்கார்ட் வரை மின்னினால் தயங்காமல் சீட்டைத் தூக்குங்கள். சுசூகியின் மஞ்சளுக்கும் காரணம் பந்தயம்தான். 1970இல் சுசூகி ஓட்டிய பந்தய வீரர் ஜோயல் ரொபேர் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றபோது, மோட்டோகிராஸில் உலகப் பட்டம் எடுத்த முதல் ஜப்பான் கம்பனியானது சுசூகி. 1970களின் நடுவில் வந்த ஆர்.எம். வரிசை அந்த மஞ்சளை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஆனால் ரோட்டில் ஓடிய டி.எஸ். வண்டிகள் வருடத்துக்கு ஒரு நிறம் மாறின. மஞ்சளாக இல்லை என்பதற்காக ஒரு பழைய டி.எஸ்.ஐ மஞ்சளாக்குவது அநியாயம்.

ரோட்டு வண்டிகளில் மிக அழகானவை கேண்டி நிறங்கள். வெள்ளி அல்லது பொன் நிறத்தில் அடிப்பூச்சு, அதன் மேல் ஒளி ஊடுருவும் வண்ண லாக்கர், அதற்கும் மேலே நிறமற்ற பூச்சு. வெளிச்சம் வண்ணத்தைக் கடந்து அடிப்பூச்சில் பட்டுத் திரும்பி வருவதால் நிறத்துக்கு ஆழம் கிடைக்கிறது. இதை ரசிக்க உச்சிவெயில் உதவாது. பனி விலகிச் சாய்வாக வெளிச்சம் விழும் காலை எட்டு, ஒன்பது மணிக்கு டேங்கின் தோள்மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி, மெதுவாக நடந்தபடி பாருங்கள். வளைவில் நிறம் அடர்ந்து, மேட்டில் வெளிறி, நீங்கள் நகர நகர அதுவும் நகரும். சாதாரண ஒற்றைப் பூச்சில் இந்த நகர்வு வராது.

கேண்டிக்கு எதிரி வெயில். குளிர்ந்த ஊராயிற்றே, நிறம் நிலைக்கும் என்று நினைப்பது தவறு. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக்கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது. கையில் சூடு தெரியாமலே வண்டி வெளுக்கும். ஊடுருவும் லாக்கர் மங்கும்போது அடியிலுள்ள பொன் நிறம் மேலே வரும். சிவப்பு கேண்டி டேங்கின் முதுகு செம்பு நிறமாகி, பக்கங்கள் சிவப்பாகவே இருப்பது இதனால்தான். அந்தப் படிப்படியான மாற்றத்தைப் போலியாகச் செய்வது மிகக் கடினம். நான் தேடிப் போவது அதைத்தான். பிளாஸ்டிக் மட்கார்ட் வேறு விதமாக மூப்படையும். நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருப்பதால் உரிந்து போகாது. சிவப்பு வெளிறிச் சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆகும், வெள்ளை பழுக்கும்.

தேய்மானத்தையும் படியுங்கள். தோட்டத்தில் உழைத்த வண்டிக்கென்று சில தழும்புகள் உண்டு. முழங்கால் உரசும் இடத்தில் டேங்கின் இருபக்கமும் நிறம் மெலிந்திருக்கும். மழைக் கோட்டு உடுத்தி ஓட்டியவரின் வண்டியில் இது சீக்கிரம் வரும். பெற்றோல் மூடிக்குக் கீழே வழிந்த கோடு ஸ்டிக்கரைத் தின்றிருக்கும். குலுங்கும் பாதையில் நிறைந்த டேங்கோடு ஏறியதற்கு அதுவே சாட்சி. மட்கார்டின் அடியிலும் ஃப்ரேமின் கீழ்க்குழாயிலும் துரு கூடுதலாக இருந்தால், உரம் போட்ட மலைகளில் சேறு அள்ளியதை நினைத்துக்கொள்ளுங்கள். அமோனியம் சல்பேட் கலந்த ஈரமண் இரும்பை அரிக்கும். கவ்வாத்து மலையில் தூவும் டொலமைட் தூள், பழைய வண்டியின் சந்துகளில் வெள்ளைப் படிவாக இன்னும் கிடக்கலாம். அதை அவசரப்பட்டுத் துடைக்க வேண்டாம். இரண்டு நிமிடம் நின்று பாருங்கள்.

மறுபூச்சைக் கண்டுபிடிக்க விரலே போதும். தொழிற்சாலையில் அடித்த டேங்கில் பல மாடல்களுக்குப் பட்டையும் எழுத்தும் நிறமற்ற பூச்சுக்குக் கீழே இருக்கும். நகத்தால் தடவினால் விளிம்பு மெல்லியதாகத்தான் தட்டும். கடையில் வெட்டிய புது ஸ்டிக்கர் மேலே ஒட்டியிருந்தால் விளிம்பு நகத்தில் சிக்கும். போல்ட் தலைகளிலும் ரப்பர் வாஷர்களிலும் நிறம் தெறித்திருந்தால், கழற்றாமலே ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். ஹேண்டில் கழுத்தில் பொறித்த ஃப்ரேம் இலக்கத்தைப் பாருங்கள். எழுத்தின் பள்ளங்களைப் பெயின்ட் தடிமனாக நிரப்பியிருக்கக் கூடாது. சுசூகியில் அந்த இலக்கமே டி.எஸ். 125 அல்லது டி.எஸ். 185 என்று தொடங்கி மாடலைச் சொல்லிவிடும். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் நிறம் எழுதியிருக்கும். சீட்டுக்கு அடியில் கண்ட நிறத்தோடு அதை ஒப்பிடுங்கள். ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத் தகடு இன்னும் மாட்டியிருந்தால் அது தனிச் சிறப்பு. டேங்க் மாறியிருந்தாலும், வண்டி இந்தத் தீவில் கழித்த காலத்துக்கு அந்தத் தகடு சாட்சி.

2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய பைக்குகளுக்கு மதிப்பு ஏறியது. அதோடு மினுக்கும் ஆசையும் ஏறியது. ஏப்ரல் சீசனில் நுவரெலியா வரும் பழைய வண்டிகளில், புதிதாக அடித்து மின்னும் வண்டியைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். நீங்கள் அதற்குப் பக்கத்தில் மங்கிப்போய் நிற்கும் வண்டியிடம் போங்கள். சொந்தக்காரரிடம் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் கையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். விலையை மட்டும் முதலில் கேட்க வேண்டாம். கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

உங்கள் வீட்டிலேயே அப்படியொரு வண்டி இருந்தால் கழுவ மிருதுவான சவர்க்காரத் தண்ணீர் போதும். மண்ணெண்ணெயில் துடைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பழைய ஸ்டிக்கரின் பசை அதில் கரையும். கட்டிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்ப்பதும் ஆபத்து. மேலுள்ள நிறமற்ற பூச்சு தேய்ந்து, கேண்டி வண்ணமும் துணியோடு வந்துவிடும், திரும்பக் கிடைக்காது. காய்ந்த பிறகு மெல்லிய மெழுகு ஒரு தடவை பூசினால் மழைக்காலத்தைத் தாங்கும். துரு ஓட்டை போட்டு, பூசியே ஆக வேண்டிய நிலை வந்தால், சைட் கவரைக் கழற்றிக் கராஜுக்கு எடுத்துப் போய் அதன் உட்பக்க நிறத்தைக் காட்டிப் பெயின்ட் கலக்கச் சொல்லுங்கள். போனில் கிடைக்கும் படத்தைக் காட்டாதீர்கள். திரைக்குத் திரை சிவப்பு மாறும். கெட்டுப்போன பாகத்துக்கு மட்டும் பூசட்டும். டேங்கின் அடிப்புறத்தையும் சைட் கவரின் உட்பக்கத்தையும் தொடவே வேண்டாம் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தேய்ப்புத் தாள் அங்கே ஒரு தடவை பட்டால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது.