ஸ்கேட் பூங்கா யாருக்கு ஏற்றது?

ஒரு ஸ்கேட் பூங்கா யாருக்கு ஏற்றது என்று கணிக்க இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. சரிவுகளின் உயரத்தைப் பார்ப்பது ஒன்று. அங்கே எத்தகையவர்கள் ஆடுகிறார்கள் என்று கவனிப்பது மற்றொன்று. இரண்டும் ஓரளவு உதவும். ஆனால் இவற்றை மட்டும் நம்பினால், புதிதாகக் கற்க வந்தவர் கணக்கிலேயே வராமல் போய்விடுவார்.

உயரத்தைப் பார்ப்பதில் நியாயம் உண்டு. மூன்றடிச் சரிவிலிருந்து விழுவதும் பத்தடிச் சரிவிலிருந்து விழுவதும் ஒன்றல்ல. விளையாட்டை அறியாத பெற்றோராலும் ஒரே பார்வையில் முடிவெடுக்க முடிகிறது. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. குவார்ட்டர் பைப் எனப்படும் வளைசரிவு, வட்டத்தின் ஒரு பகுதியாக மேலெழுவது. அதன் உச்சி எவ்வளவு செங்குத்தாக இருக்கும் என்பதை உயரத்தோடு அந்த வட்டத்தின் ஆரமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. நான்கடி உயரமும் எட்டடி ஆரமும் கொண்ட சரிவு உச்சியில் 60 பாகை சாய்வில் இருக்கும். ஆரம் ஐந்தடியானால் அதே நான்கடிச் சரிவு சுமார் 78 பாகைக்கு நிமிர்ந்துவிடும். ஆறடி உயரமும் ஒன்பதடி ஆரமும் உள்ள சரிவிலோ சுமார் 70 பாகைதான். குட்டையான சரிவே இங்கு கடினமானது. சிறியதெல்லாம் எளியது என்று பிள்ளைகளை அனுப்புவது ஆபத்தில் முடியலாம்.

ஆடுபவர்களைப் பார்த்துக் கணிப்பது இன்னும் உயிருள்ள முறை. எந்தப் பகுதியில் நெரிசல், யார் யாருக்குக் குறுக்கே வருகிறார்கள், தளத்தின் எந்த விரிசலில் சக்கரம் சிக்குகிறது என்பதெல்லாம் வரைபடத்தில் தெரியாது. ஒரு மாலைப்பொழுது நின்று பார்த்தால் தெரியும். ஆனால் இந்த முறை எஞ்சியவர்களை மட்டுமே காட்டுகிறது. பயந்து திரும்பிப் போனவர்கள் அங்கே நிற்பதில்லை. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், பர்ன்சைடு பாலத்தின் அடியில் 1990இல் ஆட்டக்காரர்களே அனுமதியின்றிக் கட்டத் தொடங்கி, பிறகு நகர நிர்வாகத்தின் ஏற்பைப் பெற்ற பூங்கா உலகப் புகழ்பெற்றது. அங்கே காணும் திறமை வியக்கவைப்பது. அதை வைத்து அது எல்லோருக்கும் ஏற்ற இடம் என்று சொல்லிவிட முடியாது. செங்குத்தான சுவர்களும் நெருக்கமான வளைவுகளும் நிறைந்த அவ்விடம், தேர்ந்தவர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது.

இரண்டு முறைகளும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்றுண்டு: ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போக இடையில் படி இருக்கிறதா? சமதளமும், பௌல் எனப்படும் ஆழமான கிண்ணவடிவக் குழியும் மட்டுமே உள்ள பூங்காவில், தளத்தில் உருளக் கற்றவருக்கு அதற்குமேல் செய்ய எதுவும் இல்லை. மென்மையான சாய்தளம், தாழ்வான திட்டு, முழங்கால் உயரக் கம்பி ஆகியவையே அந்த இடைவெளியை நிரப்புபவை. லண்டன் சவுத்பேங்கின் அடித்தளப் பகுதி ஸ்கேட்டிங்குக்காகக் கட்டப்பட்டதே அல்ல. ஆயினும் 1970களிலிருந்து ஆட்டக்காரர்கள் அங்கே கூடுகிறார்கள். நீண்டகாலம் அடைத்துவைக்கப்பட்டிருந்த அதன் சிறு சரிவுகள், ஆட்டக்காரர்களின் இயக்கத்தால் 2019இல் மீண்டும் திறக்கப்பட்டன. தாழ்ந்த சரிவுகளுக்காக இவ்வளவு போராடியது மிகச் சரியான செயல்.

கட்டுமானம் சரியாக இருந்தாலும் ஆட வாய்ப்பு கிடைக்காவிட்டால் புதியவருக்குப் பயனில்லை. மத்தியப் பிரதேசத்தின் பன்னா அருகே ஜன்வார் கிராமத்தில் ஜெர்மானியரான உல்ரிகே ரைன்ஹார்ட் 2015இல் உருவாக்கிய பூங்காவில், பள்ளிக்குப் போகாதவர்களுக்கு ஸ்கேட்டிங் இல்லை, பெண்களுக்கே முதல் வாய்ப்பு என்ற இரண்டு விதிகள் வைக்கப்பட்டன. பெரும்பாலான பூங்காக்களில் துணிச்சலான பையன்கள் எடுத்துக்கொள்ளும் இடத்தை, இரண்டாவது விதி தயங்கி நிற்கும் சிறுமிக்குப் பெற்றுத்தருகிறது. சரிவின் அளவைப் போலவே இதையும் மதிப்பீட்டில் சேர்க்கவேண்டும்.

உள்ளூர்ப் பூங்காவை ஆராய்பவர் சரிவின் உயரத்தோடு ஆரத்தையும் கேட்டறிய வேண்டும். நெரிசலான மாலையிலும் ஆளற்ற காலையிலும் போய்ப் பார்க்க வேண்டும். சில நாள் வந்து, பிறகு வருவதை நிறுத்திவிட்டவர்களிடமும் பேச வேண்டும். இடைப்படிகள் இல்லாத பூங்கா, எத்தனை அழகாகக் கட்டப்பட்டிருந்தாலும், எல்லா நிலையினருக்கும் உரியதென்று அறிவிக்கத் தகுதியற்றது.